கை தட்டினால் வார்த்தை வரும்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. மூன்று மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பள்ளியாக்கியிருந்தார்கள். கார் நிறுத்த வேண்டிய இடத்தில் பிரேயர், மொட்டை மாடியில் விளையாட்டு. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பிள்ளைகள் மேல் பிரியம் வைத்து அல்ல. கல்யாணமாகி ஹைதராபாத் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவருக்கு ஹைடெக் சிட்டியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அதன் பிறகு எனக்குப் பேச ஆள் கிடையாது. வாயைத் திறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிரின்சிபால் மாரெட்பள்ளியிலிருந்து தினமும் ஆட்டோவில் வருவார். அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி இந்த ஊருடையது: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'.

"ஹவ் மா, டிகிரி எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணாம் கிளாஸ் எடுத்துக்கோ" என்றார் முதல் நாள். "ஆனா உன் இங்கிலீஷ்ல ஊர் வாசனை பயங்கரமா அடிக்குது. பேரன்ட்ஸ் முன்னாடி ஜாஸ்தி பேச நக்கோ."

விருதுநகரில் தமிழ் வழியில் படித்தவள் நான். அவர் சொன்னது உண்மைதான். ஆசிரியைகள் அறையில் எல்லோரும் தெலுங்குப் பெண்கள். நான் பேசியதைத் திரும்பச் சொல்லிச் சிரிப்பது அவர்களுக்கு டிபன் நேரத்துப் பொழுதுபோக்கு. நானும் கூடச் சிரித்துக்கொள்வேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம் எங்களைப் பேகம்பேட்டில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிறு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வார்த்தைகளை அசை அசையாகப் பிரிக்கச் சொல்லித்தரும் முறை. ஓர் அசைக்கு ஒரு கைத்தட்டு. 'டைகர்' என்றால் டை, கர், இரண்டு தட்டு. 'எலிஃபன்ட்' என்றால் மூன்று. சந்தேகம் வந்தால் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாடை எத்தனை முறை இறங்கிக் கையில் இடிக்கிறதோ அத்தனை அசை.

பத்தாம் வகுப்பில் நேரசை, நிரையசை பிரித்து முழு மதிப்பெண் வாங்கியவள் என்ற தைரியத்தில், பயிற்சியாளர் கேட்டதும் நான் எழுந்து 'வெஜிடபிள்' என்ற வார்த்தைக்கு நான்கு தட்டு தட்டினேன். வெ, ஜி, ட, பிள். "மூன்று. வெஜ், ட, பிள்" என்றார் அந்த அம்மாள். மறுபடி தட்டச் சொன்னார். மறுபடியும் நான்குதான் வந்தது. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே அசை தெரிந்துவிடும். இங்கிலீஷில் கண் சொல்வது ஒன்று, வாய் சொல்வது வேறு. அவர் என்னை மேடைக்கு அழைத்து, என் தாடைக்குக் கீழே தன் கையை வைத்து, நாற்பது பேர் முன்னால் நான்கு முறை சொல்ல வைத்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று இருநூறு வார்த்தைகளைத் தட்டிப் பழகினேன். இனி அந்தப் பள்ளியில் இதில் என்னை யாரும் மிஞ்சக்கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மிஞ்சவும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மூன்றே மாதத்தில் எந்த வார்த்தையைச் சொன்னாலும் உடைத்துக் கொடுத்தார்கள். பெஞ்சில் ஜோடி ஜோடியாகத் திரும்பி உட்கார்ந்து ஒருவர் தாடைக்குக் கீழே ஒருவர் கை வைத்து எண்ணுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. பிரின்சிபால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மற்ற ஆசிரியைகளையும் கூட்டி வந்து காட்டினார். என் உச்சரிப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்குத் திக்குவாய். ஆறு வயது. அவர்களும் தமிழ்க் குடும்பம், ஆம்பூர் பக்கம். அப்பாவுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பிள்ளைக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் தெலுங்கில்தான் வரும். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் சொல்வது, "நா நா நாக்கு ராது மிஸ்." எனக்கு வராது என்பதற்குத் தெலுங்கில் அப்படித்தான் சொல்ல வேண்டும். என் காதில் மட்டும் அது தமிழாக விழுந்தது. "ஆமா, உனக்கு நாக்குதான் வராது" என்று நான் சொன்னேன். வகுப்பில் தமிழ் தெரிந்த இன்னும் இரண்டு பிள்ளைகள் அதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் எல்லோரும் நாக்கை வெளியே நீட்டினார்கள். நான் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு மூன்று நாள் எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு நாள் அவள் முறை வந்தபோது 'பட்டர்ஃபிளை' என்ற வார்த்தையைக் கொடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிதானமாகத் தட்டினாள். பட், டர், ஃபிளை. ஒரு தடங்கலும் இல்லை. வேறு வார்த்தை கொடுத்தேன். அதுவும் வந்தது. ஒரு முழு வாக்கியத்தைத் தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னேன். கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் திக்காமல் படித்து முடித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவரை அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை.

தாளத்தோடு பேசினால் திக்குவாய் தற்காலிகமாக அடங்கும் என்பது பேச்சுப் பயிற்சித் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கு அப்போது தெரியாது. நானே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். "வார்த்தை வரலையா, கை தட்டு. தட்டினா வந்துரும்" என்று அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அதைச் சட்டமாக்கிவிட்டேன். கை தட்டாமல் அவள் வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாலும் தட்டித்தான் கேட்க வேண்டும். ரப்பர் கீழே விழுந்தால் தட்டித்தான் சொல்ல வேண்டும். தப்பாகத் தட்டினால் முதலிலிருந்து.

ஒரு நாள் பாத்ரூம் போக எழுந்து நின்றாள். "மிஸ், மே, ஐ, கோ, டு, டாய், லெட்." ஏழு தட்டு. அவசரத்தில் ஆறாகப் போய்விட்டது. "மறுபடி" என்றேன். இரண்டாவது முறை எட்டு. "மறுபடி." மூன்றாவது முறை கை பாதியில் நின்றது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வெள்ளை சாக்ஸ் நனைந்துகொண்டிருந்தது. ஆயாம்மா வந்து தரையைத் துடைத்தபோது என்னை நிமிர்ந்து பார்க்காமல் "பாபம் மேடம், சின்ன பில்ல" என்றார். பாவம், சின்னப் பிள்ளை. "உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

பெற்றோர்கள் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் ஒன்று வருஷத்துக்கு ஒரு முறை உண்டு. பிரின்சிபால் அந்த வருஷம் என் வகுப்பைத்தான் முதலில் காட்டப்போவதாகச் சொன்னார். நான் அந்தப் பெண்ணையே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை நன்றாகப் படித்தால் என்ன ஆச்சரியம் இருக்கிறது? பேச வராத பிள்ளையைப் படிக்க வைத்தால்தானே என் பெயர் நிற்கும்.

விஷயம் தெரிந்து அவள் அம்மா பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"மிஸ், படிக்கட்டும், சந்தோசந்தான். ஆனா அவங்கப்பா எதிர்ல வேணா மிஸ்."

"ஏன், அடிப்பாரோ?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. அவரு ஒரு மாதிரி. சங்கடப்படுவாரு."

"பிள்ளை நல்லா படிக்கிறதைப் பார்த்தா யாராவது சங்கடப்படுவாங்களா? கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வேறு பெற்றோர் நின்றிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை வகுப்பறை நிறையப் பெற்றோர். பெஞ்சுகளில் இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். அவள் அப்பா கடைசியில் வந்தார். இரவு ஷிஃப்ட் முடித்து ஷேர் ஆட்டோவில் நேராக வந்திருக்க வேண்டும். நீலக் கம்பெனி உடுப்பு, கசங்கிய முகம். கதவோரம் நின்றார். அம்மா வரவில்லை.

மற்ற பிள்ளைகள் வார்த்தைகளை உடைத்துக் காட்டிய பிறகு அவளை முன்னால் நிறுத்தினேன். தர்பூசணி விற்கிறவனைப் பற்றிப் பத்து வரிப் பாடம். "இந்தக் குழந்தை மூணு மாசம் முன்னாடி ஒரு வார்த்தை பேசாது" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்கச் சொன்னேன். தட்டிக்கொண்டே படித்தாள். ஒரு வரி, இரண்டு வரி, ஐந்து வரி. அறையில் சத்தமே இல்லை. ஆறாவது வரி முடிந்து அவள் மூச்சு வாங்கினாள். படித்து முடித்துவிட்டாள் என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

அவ்வளவு கைத்தட்டலுக்கு நடுவில் அவளுக்குத் தன் தட்டு கேட்கவில்லை. ஏழாவது வரியில் 'வாட்டர்மெலன்' என்ற வார்த்தை. வாட், டர், மெ. மெ. மெ. மெ. கை ஒரு பக்கம் போனது, வாய் ஒரு பக்கம் போனது.

"முதல்ல இருந்து" என்றேன்.

மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து போய், நான் பழக்கியபடியே, அவள் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்து இங்கிலீஷில் உரக்க எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. பிள்ளைகள் சிரித்தார்கள். சில பெற்றோரும் சிரித்தார்கள். பிரின்சிபாலின் முகம் மாறுவதைப் பார்த்தேன். "முதல்ல இருந்து" என்று மூன்றாவது முறை சொன்னேன். இந்தத் தடவை குரலே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

கதவோரம் நின்ற அப்பா முன்னால் வந்தார். எதுவும் சொல்லாமல் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீ, டீ, டீச்சர். போ, போ, போ..."

அவருக்கும் திக்குவாய். மகளுடையதைவிட மோசம். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க அந்த 'போ'வைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கேட்டில் நின்று எதைச் சொல்ல முடியாமல் விரலில் முந்தானையைச் சுற்றினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

வகுப்பு முழுவதும் கை தட்டத் தொடங்கியது. ஒரு 'போ'வுக்கு ஒரு தட்டு. யாரும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. வார்த்தை உடைந்தால் தட்ட வேண்டும் என்று மூன்று மாதமாகப் பழகிய கை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே சீராகத் தட்டினார்கள். அது அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

அப்போது அவர் மகள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கையையும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்தி மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள். போ, தும். தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி கையை உயர்த்திக் காத்திருந்தாள்.

அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் கரும்பலகையில் மோதி உட்கார்ந்தாள். கைத்தட்டல் நின்றது.

அவள் கேலி செய்யவில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். வார்த்தை வரலையா, கை தட்டு, தட்டினா வந்துரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான். "அவ உங்களுக்கு உதவி பண்றா" என்று நான்கு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். பிரின்சிபால் நின்றிருந்தார், பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். பேசினால் பழி என் பக்கம் திரும்பும் என்று தோன்றியது. அப்பா மகளைக் கையைப் பிடித்து எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"நல்லாத்தான் பண்ணே மா" என்றார் பிரின்சிபால், எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போன பிறகு. "கைக்கு அந்தக் குழந்தையை நிறுத்தின? இனிமே அந்த மாதிரி கேஸ் எல்லாம் நக்கோ."

திங்கட்கிழமை அம்மா டி.சி. வாங்க வந்தார். கண் வீங்கியிருந்தது. கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது கேட்டார்.

"மிஸ், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ ஏன் அப்பாவைக் கேலி பண்ணா? ஊட்ல ஒரு நாளும் அப்படிப் பண்ணதில்ல. அவருன்னா அவளுக்கு உசுரு."

இரண்டாவது வாய்ப்பு அது. கேள்வியாகவே என் கையில் கொடுத்தார்.

"சின்னப் பிள்ளைகதானே. மத்த பிள்ளைக பண்றதைப் பார்த்துட்டுப் பண்ணியிருக்கும்" என்றேன். பேனாவை மூடிக் காகிதத்தை நீட்டினேன்.

அடுத்த வருஷம் பள்ளியின் மற்ற கிளைகளில் இருந்த ஆசிரியைகளுக்கும் இந்த முறையைச் சொல்லித்தரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மியாப்பூர், நிஜாம்பேட் என்று போய் வந்தேன். ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வேன். பேசவே வராத ஒரு குழந்தை, ஒரு நாள் 'பட்டர்ஃபிளை' என்று தட்டிச் சொல்லிவிட்டுச் சிரித்தது என்று. அதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'வெஜிடபிள்' என்ற வார்த்தைக்கு நான்கு தட்டு தட்டிய ஒரு புது ஆசிரியையை நானும் முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனி ரைத்து பஜார் காய்கறிச் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கீரைக்கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்று கேட்டார். அந்த மரியாதைதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை, அப்பாவுக்கு வார்த்தை வரட்டும் என்றுதான் தட்டினாள், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று.

கையில் இருந்த கீரைக்கட்டை அவர் கீழே வைத்தார்.

"அப்புறமும் தட்டினா மிஸ். அவரு எப்போ பேச ஆரம்பிச்சாலும் எதிர்ல போய் நின்னுக்கும். அவரு ஊட்ல பேசறதையே உட்டுட்டாரு. எத்தினி சொல்லியும் கேக்கல. கடைசியில நான்தான் கரண்டியைக் காய வெச்சு ரெண்டு கையிலயும் சூடு போட்டேன்."

"செகந்திராபாத்ல ஒரு டாக்டர் இருக்காங்க, பேச்சுப் பயிற்சி கொடுப்பாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"இதை ஏன் மிஸ் இப்போ சொல்றீங்க?" அவர் குரல் உயரவில்லை. "அன்னிக்கு நான் கேட்டேனே. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. சொல்லிடாதீங்க. அவ கெட்ட புள்ளைன்னே இருந்துட்டுப் போட்டும்."

பிள்ளை கொஞ்சம் தள்ளி, தக்காளிக் கடை ஓரம் நின்றிருந்தாள். நன்றாக உயர்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸுக்கு குட் மார்னிங் சொல்லு."

அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேச மாட்டா மிஸ். எது வேணும்னாலும் எழுதித்தான் காட்டுவா" என்றார் அம்மா. பிறகு, ஒரு டீச்சரிடம் பிள்ளையைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்குன்னு புது ஸ்கூல்ல சொல்றாங்க" என்றார்.